நடைப்பயிற்சி மட்டும் போதுமா? தசை வலுவூட்டும் பயிற்சியின் தேவை

தமிழ்நாடு அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இராசபாளையத்தை அடுத்த சோழபுரம் போன்ற ஊர்களில் வசிப்போர் தத்தம் தெருவிலேயே நடையைத் தொடங்கலாம். எனினும், உடல்நலத்திற்கு நடை மட்டுமே போதாது.

இரு பயிற்சிகளின் பயன்கள்

விரைவு நடை, மிதிவண்டி ஓட்டுதல் போன்றவை இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்துகின்றன. இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகின்றன. தசை வலுவூட்டும் பயிற்சியோ வயது ஏற ஏறக் குறையும் தசை வலிமையைக் காக்கிறது. எலும்புகளுக்கும் உறுதி தருகிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியைத் தசைகளே ஏற்கின்றன. ஆகவே, நீரிழிவு உள்ளோருக்குத் தசை வலிமை மிக இன்றியமையாதது.

எது சிறந்தது?

இரண்டும் இணைந்ததே சிறந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 251 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. ஏதேனும் ஒரு பயிற்சியை மட்டும் செய்தோரைவிட, இரண்டையும் செய்தோருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு கூடுதலாக மேம்பட்டது. வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள்கள் தசைப் பயிற்சியும் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. 65 வயதைக் கடந்தோர் கீழே விழுவதைத் தவிர்க்க, வாரம் மூன்று நாள்கள் உடல் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும்.

வீட்டில் தொடங்கும் முறை

உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துதல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குதல் ஆகியவற்றை மெதுவாகத் தொடங்கலாம். முதியோர் பயிற்சி செய்கையில் பராமரிப்பாளர் அருகில் இருத்தல் நன்று.

கவனிக்க வேண்டியவை

இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், நீரிழிவால் ஏற்பட்ட கண் பாதிப்பு ஆகியவை உள்ளோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடாமல் கவனித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலியோ கடும் மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். வீட்டிற்கு வரும் பணியாளரிடம் உங்களுக்கு ஏற்ற பயிற்சி குறித்துக் கேட்டறியுங்கள். நடையைக் கைவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள்களைத் தசைகளுக்கும் ஒதுக்குங்கள்.