ரூலனின் தாடி

நண்பரை வரைகிறவன் சலுகை காட்டுவான், கலைக்கு விலகல் வேண்டும் என்று ஓர் இதழ் எழுதியிருக்கிறது. ஓர் உருவப்படத்துக்குக் கிடைத்த பரிசை ஒட்டிய பேச்சு. பரிசு யாருக்குப் போனாலும் நமக்குச் சரி. அந்த 'விலகல்' என்ற சொல்லைத்தான் சும்மா விட மனம் வரவில்லை. அமைப்பியல் வந்த நாட்களில் ஆசிரியனைச் சாகடித்த உற்சாகம் நமக்கும் இருந்தது. அதன் எச்சம் இது.

வான்கோவையும் ரூலனையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜோசப் ரூலன் ஆர்ல் ரயில் நிலையத்தில் தபால் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டவர், நம் ஊர்ப் பேச்சில் ஆர்.எம்.எஸ். ஆள். 1888 கோடையில் முதல் படத்துக்கு உட்கார்ந்தபோது காசு வாங்கவில்லை. கூடவே சாப்பிட்டார், குடித்தார். அதில் செலவு கூடிப்போனது என்று வான்கோ கடிதத்தில் எழுதினார். அந்த டிசம்பரில் காதை அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவரைப் போய்ப் பார்த்ததும், பாரிஸிலிருந்த தம்பி தியோவுக்கு நிலவரம் எழுதியதும் இதே ரூலன்.

முதல் படத்தைப் பாருங்கள். நீலச் சீருடை, மஞ்சள் பொத்தான்கள், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியில் விறைத்திருக்கும் மனிதர். விலகல் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. 1889 தொடக்கத்தில் ரூலன் மார்செய்க்கு மாற்றலாகிப் போனார். அந்த ஆண்டுப் படங்களில் கைகளே கிடையாது. தலையும் தோளும், பின்னால் பச்சையில் பூக்கள். இரண்டாகப் பிரிந்த தாடி சுருள் சுருளாக இறங்குகிறது, ஒவ்வொரு சுருளையும் தூரிகை தனித்தனியே விசாரித்துவிட்டு வந்திருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிய முகத்தைத்தான் இப்படி வரைய முடியும். இதில் சலுகை எங்கே?

அந்தத் தாடியை நான் முதலில் பார்த்தது கல்லூரி நூலகத்தில், கறுப்பு வெள்ளை அச்சில். பின்னால் இருப்பது பூக்கள் என்றே தெரியவில்லை. ஆனாலும் அந்த ஆளோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இருந்தது.

இன்று நம்மிடையே முகம் வரைவது எப்படி நடக்கிறது? எழுத்தாளரின் புகைப்படம் ஒன்று ஓவியரின் கைபேசிக்குப் போகிறது, மறுநாள் அட்டை தயார். இருவரும் சந்தித்ததே இல்லை. விமர்சனமும் இப்படித்தான் எழுதப்படுகிறது, அஞ்சலியும்கூட. நம் இதழும் இதைச் செய்திருக்கிறது, தவறுதான்.

அடுத்த அட்டைக்கு ஓவியரும் கவிஞரும் ஒரு வாரம் ஒரே வீட்டில் தங்கச் சம்மதித்திருக்கிறார்கள். இதழ் வர ஒரு மாதம் தாமதமாகும்.