இனவாதத்துக்கு எதிராக சமூக வானொலி: நாம் இன்னும் கேட்காத உரிமை

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் தொடங்கிய வாக்குவாதம், சில மணி நேரத்துக்குள் பள்ளிவாசலைத் தாக்கும் அளவுக்கு வளர்ந்தது. சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்ற கதையே அதற்குக் காரணம். அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் கூறியது. ஆனால் உடைக்கப்பட்டதை எந்த அறிக்கையாலும் மீட்டுத்தர முடியவில்லை.

அடுத்த வாரமே திகனயும் தெல்தெனியவும் எரிந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை முடக்கியது. அந்த வன்முறையில் தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. முடக்கம் பொய்யின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். ஆனால் "என்ன நடந்தது?" என்று பயத்தோடு கேட்ட சிங்களக் குடும்பத்துக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும் நம்பத்தகுந்த பதிலை அது தரவில்லை.

அந்தப் பதிலை நமது ஊடகங்களாவது கொடுத்தனவா? நமது இணையத்தளங்கள், வாரப் பத்திரிகைகள், இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை எல்லாமே பெரும்பாலும் தமிழில் நம்மோடுதான் பேசுகின்றன. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் மீதான கருத்தடைக் குற்றச்சாட்டை சிங்கள நாளிதழ் ஒன்று முன்பக்கத்தில் வெளியிட்டது. நாம் எழுதிய மறுப்புகளைப் படித்தவர்கள், அந்தக் கதையை முதலிலேயே நம்பாத நமது மக்கள்தான். அடுத்த தெருவிலுள்ள சிங்களச் சகோதரரின் காதுக்கு அவை போய்ச் சேரவில்லை.

சமூக வானொலி பயன்படும் இடம் இதுதான். இந்த நாட்டுக்கு அது புதியதல்ல. 1981இல் மகாவலி சமூக வானொலி ஆரம்பமானது. 1989இல் கொத்மலை வானொலி வந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு கொத்மலையில் ஒரு புதுமை நடந்தது. கிராமத்து மக்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்தவர்களையும் அழைத்து, அந்த மக்களின் மொழியிலேயே விளக்குவார்கள். "உண்மை கண்டறிதல்" என்று இன்று நாம் சொல்வதை ஒரு மலைநாட்டு வானொலி அன்றே செய்துவிட்டது.

ஆனால் அவை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கின. மக்களே உரிமையாளராக இருக்கும் சுயாதீன சமூக வானொலிக்கென தனியான அனுமதி முறை நமது சட்டத்தில் இல்லை. நேபாளத்தில் 1997இல் ரேடியோ சாகர்மாதா தொடங்கியது. இந்தியா 2006இலும் பங்களாதேஷ் 2008இலும் கதவைத் திறந்தன. இத்தனைக்கும், அலைவரிசைகள் வரையறுக்கப்பட்ட பொதுவளம், அவை மக்கள் நலனுக்காகவே பயன்பட வேண்டும் என்ற கருத்தை நமது உயர் நீதிமன்றம் 1997இலேயே வலியுறுத்தியிருந்தது.

வானொலி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. 1994இல் ருவண்டாவில் துட்சி மக்களைக் கொல்லத் தூண்டியது ஆர்டிஎல்எம் என்ற வானொலிதான். அதன் நிறுவுநர்களை ஐ.நா. தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளிகளாகக் கண்டது. அதே நாட்டில் 2004இல் வெறுப்புக்கு எதிரான வானொலித் தொடர்நாடகம் ஒன்று தொடங்கி, பெருந்தொகையான நேயர்களைப் பெற்றது. ஒலிவாங்கி யார் கையில், எந்த விதிகளின் கீழ் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே நாம் கேட்க வேண்டியது "முஸ்லிம் வானொலி" அல்ல. அக்குறணை, பேருவளை, அம்பாறை, மூதூர் போன்ற பிரதேசங்களில் எல்லா இனத்தவரும் சேர்ந்து நிர்வகிக்கும், இரு மொழியிலும் பேசும் வானொலிகள். அவை சாதாரண நாட்களில் மரக்கறி விலை, தண்ணீர் வெட்டு, கிளினிக் நேரம், மண்சரிவு எச்சரிக்கை என்று அன்றாட விடயங்களைச் சொல்லட்டும். அப்படிச் சம்பாதித்த நம்பிக்கைதான் பதற்றமான இரவில் கைகொடுக்கும். வதந்தி கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் விகாரையின் தேரரும் பள்ளிவாசல் மௌலவியும் பொலிஸ் பொறுப்பதிகாரியும் ஒரே ஒலிவாங்கியில் பேசினால், கல்லெடுத்தவர்களில் சிலராவது யோசிப்பார்கள்.

செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு ஸூரதுல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரித்தறிந்த உண்மையை அயலவருக்குச் சொல்ல ஒரு வழியும் வேண்டும். ஒலிபரப்புச் சட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் சிவில் அமைப்புகளும் தணிக்கையைப் பற்றி மட்டும் பேசாமல், சமூக வானொலிக்கான அனுமதியையும் ஒரு கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். அடுத்த வதந்தி கிளம்பிய பிறகு அலைவரிசை கேட்பதில் பயனில்லை.