பாடி நீளமா, கடன் நீளமா?

ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு லோடு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் ஒரு மாணவன் போன் செய்தான். வாடிப்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தக்காளி ஏற்றுகிறவன். "சார், பக்கத்து வீட்டுக்காரர் 10 அடி பாடி எடுத்துட்டார். நானும் அதையே எடுக்கப்போறேன்" என்றான். ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி என்று கேட்டேன். 25 கிலோ பெட்டி, 25. ஆக 625 கிலோ. 2005-ல் வந்து குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸின் பாடி ஏழு அடிக்குச் சற்று மேல். தாங்குவது சுமார் 750 கிலோ. இரண்டே அடுக்கில் இவன் சரக்கு முடிந்துவிடும். மீதி மூன்று அடியில் எதை ஏற்றுவாய் தம்பி, காற்றையா? அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தானே மாசாமாசம் டியூ கட்டவேண்டும்? மாசி வீதிச் சந்துகளில் வண்டியைத் திருப்ப முடியாமல் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரரா வந்து தள்ளுவார்?

"பெருசா எடுத்தா நிறைய ஏத்தலாம்" என்பது சோம்பேறிக் கணக்கு. நீளம் வேறு, பாரம் வேறு. ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. 250 கல்லில் 750 கிலோ வந்துவிடும். அதைக் குட்டி யானை முழுக்கப் பரப்பினால் அரை அடி உயரம்தான். பார்க்கிறவன் கண்ணுக்கு வண்டி காலி. பட்டைக்கும் அச்சுக்கும் அது முழு லோடு. மல்லிகைப்பூவும் வைக்கோலும் நேர் எதிர். எடை கொஞ்சம், இடம் அதிகம். நீளப் பாடி அவர்களுக்குத்தான்.

இனி, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மருமகப்பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பி.வி.சி. குழாய் 20 அடி. அதை ஏழடி வண்டியில் கேபின் மேல் சாய்த்துப் போட்டு, பின்னால் ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டு, ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் தர்மம் முடிந்ததா? போன மாதம் இருட்டில், நாலு வழிச்சாலையில், அப்படி ஒரு வண்டிக்குப் பின்னால் என் ஸ்கூட்டரில் போனேன். துணி கண்ணுக்குத் தெரியவில்லை. குழாய் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. இதை உங்கள் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

2014-லேயே மத்திய அரசு விதியைத் திருத்தி, கம்பிகள் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போக இருந்த அனுமதியை எடுத்துவிட்டது. 2019 திருத்தச் சட்டத்தில் இதற்கு அபராதம் 20,000 ரூபாய். காசை விடுங்கள். பாரம் பின்சக்கரத்தைத் தாண்டிப் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும்; ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. ஒன்பதாம் வகுப்பில் ஏற்றப் பலகை விளையாடியவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டுமா?

"அப்போ 20 அடி வண்டியா வாங்க முடியும் மாமா?" என்பீர்கள். வேண்டாம். மாசத்தில் மூன்று நாள் குழாய் வந்தால் அந்த மூன்று நாளுக்கு லாரியை வாடகைக்குப் பிடியுங்கள். சொந்த வண்டி, மீதி 27 நாளின் வேலைக்கு.

அலங்காநல்லூருக்குக் காளை கொண்டுபோகும் தம்பிகளுக்கும் ஒரு கணக்கு. விதிப்படி ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டி யானை பாடி சுமார் மூன்றேகால் சதுர மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை காளை ஏற்றலாம்? ஒன்று. அவ்வளவுதான்.

வீட்டுப்பாடம் தருகிறேன். ஷோரூமுக்குப் போகுமுன் 30 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சரக்கு, எத்தனை கிலோ, எத்தனை அடி, எந்தத் தெரு. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வண்டி தாங்குவது தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வண்டி என்று நோட்டே சொல்லிவிடும்.

மறுப்பு இருந்தால் நோட்டோடு வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. தப்புக் கணக்குக்குக் கொட்டும் உண்டு.