காற்றா, தண்ணியா?

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல் அமெரிக்காவின் மிசிசிப்பி கடற்கரையைத் தாக்கியது. பல வீடுகளில் சிமென்ட் தரை மட்டும்தான் மிச்சம்.

'அதான் இன்சூரன்ஸ் இருக்குமே'ன்னு சொல்வீங்க. சிக்கலே அங்கதான். அப்போ அந்த ஊரில் சாதாரண வீட்டு இன்சூரன்ஸ், காற்றால் வந்த சேதத்துக்குப் பணம் தந்தது; வெள்ளத்துக்குத் தரவில்லை. அதுக்குப் பெரும்பாலும் அரசுத் திட்டத்தில் தனி பாலிசி எடுக்கணும். அதை எடுக்காதவர் வீட்டை இடித்தது தண்ணீர்தான் என்று முடிவானால், கைக்கு ஒண்ணும் வராது.

காற்றா, தண்ணியா? வீடே இல்லாத இடத்தில் இதை எப்படிச் சொல்வது? இன்ஜினியரோட ரிப்போர்ட்டை வெச்சுதான்.

பிலாக்சி நகரில் ஒரு வீட்டைப் பார்த்த இன்ஜினியர், முக்கியக் காரணம் காற்று என்று எழுதினார். இன்சூரன்ஸ் கம்பெனி அதை ஓரங்கட்டிவிட்டு இரண்டாவது ரிப்போர்ட் வாங்கியது. அதில் காரணம் தண்ணீர். கம்பெனி தரவேண்டிய பணத்தை அரசின் வெள்ளத் திட்டம் கொடுத்தது. கிளைம் வேலை பார்த்த இரண்டு சகோதரிகள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். 2013இல் ஜூரி அதை மோசடி என்று தீர்ப்பளித்தது.

என் கருத்து இதுதான்: இன்ஜினியர் எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும், முதல் ரிப்போர்ட் உட்பட, வீட்டுக்காரர் கைக்கும் போகணும். அதுக்குச் சட்டம் வேணும்.

சட்டம் வர்றவரைக்கும்? ரிப்போர்ட்டை மாத்தி எழுதுன்னு கேட்கும்போது முடியாதுன்னு சொல்ல ஒருத்தர் வேணும். நாளைக்கு அந்த இடத்தில் நீங்க இருக்கலாம்.