பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்

நீலாய் வட்டாரப் பொதுமக்களே,

செம்பனைத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து நாம் குடியேறிய தாமான்களிலும் மணவிலக்கு இன்று அரிதல்ல. யார்மேல் தவறு என்று பேச நாங்கள் வரவில்லை. நடுவில் தவிக்கும் பிள்ளைகளுக்காகவே இந்த வேண்டுகோள்.

கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பிள்ளையைக் கண்டதும் நம்மில் யாராவது கேட்டுவிடுகிறோம்: “உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?” எந்தப் பதிலைச் சொன்னாலும் இன்னொருவருக்குத் துரோகம் செய்ததாகவே பிள்ளை மருகும். முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்குக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளையின் விருப்பத்தைக் கருதச் சொல்கிறது. ஆனால், சுயமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்திருந்தால்தான். அதையும் நீதிபதி தம் அறைக்கு அழைத்துத் தனியாகக் கேட்பதுண்டு. நாமோ பத்துப் பேர் நடுவில் கேட்கிறோம். இனி வேண்டாம்.

பெற்றோர்களே, “உன்னால் இது நடக்கவில்லை” என்று இருவரும் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. “அப்பாகிட்ட காசு கேளு” என்று தூது அனுப்பாதீர்கள். பராமரிப்புத் தொகை பிள்ளையின் உரிமை. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளை மேலே படித்தால் 18 வயதைத் தாண்டியும் அது தொடரும். பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னால் வாருங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து வாசலையே பார்த்திருக்கும் பிள்ளைக்குச் சமாதானம் சொல்ல யாராலும் முடியாது.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றில் 2016இல் கூட்டரசு நீதிமன்றம் மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் ஒப்படைத்தது. அப்படி இரு வீடுகளில் வளரும் உடன்பிறப்புகள் பள்ளி விடுமுறையையாவது சேர்ந்து கழிக்க வழிசெய்யுங்கள்.

தாத்தா பாட்டிமார்களே, மருமகனையோ மருமகளையோ பேரப்பிள்ளை காதுபடத் திட்டாதீர்கள். பிள்ளைக்கு அவர் இன்னும் அப்பாதான், அம்மாதான்.

ஆசிரியர்களே, வகுப்பில் தூங்கும் பிள்ளையை, திடீரென்று வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளையைத் தண்டிக்கும் முன் தனியே அழைத்து விசாரியுங்கள்.

அடி, மிரட்டல், பட்டினி என்று தெரிந்தால் 15999 தாலியான் காசே எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையை நாடலாம்.

அக்கம்பக்கத்தாரே, அந்தப் பிள்ளையை உங்கள் பிள்ளைகளோடு விளையாடக் கூப்பிடுங்கள், சாப்பிட வையுங்கள். வீட்டு விவகாரத்தை மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
நீலாய் வட்டாரப் பெற்றோர்கள், ஆசிரியர்கள், கோயில் தொண்டர்கள்