டெலிவரி அன்னைக்கு என்ன விலையோ அதுதான்!

காவேரிப்பட்டினம்னு சொன்னதும் நிறைய பேர் "ஓ, பூம்புகாரா? கடலோரமா?"ன்னு கேக்குறாங்க. இல்லீங்க, அது காவிரிப்பூம்பட்டினம். எங்க ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். கடலும் கிடையாது, காவிரியும் கிடையாது. தென்பெண்ணை ஓடுது, மாங்காய் விளையுது, நிப்பட் கிடைக்குது. அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துகிட்டு நான் எழுதப்போறது படகைப் பத்தி :-)

காரணம் இருக்கு. இந்த நாட்டுல எதை ஆர்டர் பண்ணினாலும் ரசீதுக்கு அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். "டெலிவரி தேதியன்று நடைமுறையில் உள்ள விலையே பொருந்தும்." பைக் புக் பண்ணினாலும் இருக்கும், கார் புக் பண்ணினாலும் இருக்கும். அந்த ஒத்தை வரி ஒரு மனுஷனை என்ன பண்ணும்னு முழுசா தெரியணும்னா ஷோரூம்ல பார்க்கக்கூடாது, ராமேஸ்வரத்துல பார்க்கணும்.

2017 ஜூலை மாசம் பிரதமர் மோடி ராமேஸ்வரம் வந்தப்போ, பாக் நீரிணை மீனவர்களுக்கான ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் ஆரம்பிச்சுது. இழுவை மடிப் படகை வச்சுக்கிட்டு எல்லைக் கோட்டுப் பக்கம் போய் இலங்கைக் கடற்படைகிட்ட மாட்டாம, ஆழ்கடலுக்குப் போய் சூரை மீன் பிடிக்கட்டும்ங்கறது யோசனை. நல்ல யோசனைதான், அதுல எனக்கு சண்டை இல்ல. படகு ஒண்ணுக்கு மதிப்பு 80 லட்சம்னு போட்டாங்க. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கைக்காசு 10 சதவீதம். அதாவது மானியம் 56 லட்சம். மீதி 24 லட்சம் மீனவர் தலையில. இதுல 16 லட்சம் கடன், 8 லட்சம் ரொக்கம்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். பி.காம் படிக்கிறவன் இதைக்கூட பண்ணலைன்னா எப்படி?

படகு கட்டி முடிக்கிறதுக்குள்ள இரும்பு ஏறிடுச்சு, எஞ்சின் ஏறிடுச்சு, படகு விலை 80 லட்சத்துல இருந்து 1 கோடி ஆயிடுச்சுன்னு வச்சுக்குங்க. ஏற்றம் எவ்வளவு? 25 சதவீதம். ஆனா மானியம் 80 லட்சத்தை வச்சுக் கணக்கு பண்ணின 56 லட்சத்துலயே நிக்குது. அப்போ மீனவர் பங்கு 24 லட்சம் இல்ல, 44 லட்சம். அது 83 சதவீத ஏற்றம்! பேப்பர்ல "படகு விலை 25 சதவீதம் உயர்வு"ன்னுதான் வரும். அந்த 83 எங்கயும் வராது. அது மீனவர் வீட்டு நோட்டுல மட்டும்தான் வரும்.

இதெல்லாம் நீயா போட்ட கணக்குன்னு சொல்லாதீங்க. 2020ல பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்தப்போ, ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்கு யூனிட் மதிப்புன்னு அரசாங்கமே எழுதினது 1 கோடியே 20 லட்சம். 80 லட்சம் பத்தாதுங்கறதை இதைவிட யார் தெளிவா சொல்லிட முடியும்? 2017ல 2000 படகு கொடுக்கறதுன்னு ஆரம்பிச்ச திட்டத்துல ஒரு சின்னப் பகுதிதான் தண்ணியில இறங்குச்சு. எல்லாப் பழியையும் விலை மேல போட மாட்டேன். ஆனா விலை ஒரு பெரிய காரணம்.

"கட்டுப்படியாகலைன்னா ஆர்டரை கேன்சல் பண்ணிட்டுப் போ"ன்னு சுலபமா சொல்லிடலாம். அந்தத் திட்டத்துல சேரணும்னா பழைய இழுவைப் படகை விட்டுக் கொடுக்கணும். பழசு கையை விட்டுப் போச்சு, புதுசு யார்டுல பாதியில நிக்குது. இப்போ போய் "விலை ஏறிடுச்சு, இஷ்டமிருந்தா எடு"ன்னா, அதுக்குப் பேர் இஷ்டமா? கிணத்துல பாதி தூரம் இறக்கிவிட்டு கயித்துக்கு விலை பேசுற மாதிரி இல்ல?

சரி, கடலை விட்டுட்டு ரோட்டுக்கு வருவோம். நம்மள்ல முக்கால்வாசி பேர் இந்த வரியை முதல்ல பார்க்கறது வண்டி புக் பண்றப்போதான்.

2022 ஜூலை 30 அன்னைக்கு மஹிந்திரா ஸ்கார்பியோ-என் புக்கிங் ஆரம்பிச்சுது. அரை மணி நேரத்துல 1 லட்சம் புக்கிங். முதல் 25,000 பேருக்கு மட்டும் அறிமுக விலை, மத்தவங்களுக்கு டெலிவரி சமயத்து விலைன்னு கம்பெனி முன்கூட்டியே சொல்லிடுச்சு. எதையும் மறைக்கல. புக்கிங் தொகை 21,000. பெருக்கிப் பாருங்க, 210 கோடி ரூபாய். எல்லாரும் ஆறு மாசம் காத்திருந்தாங்கன்னு வச்சு, வருஷத்துக்கு 6 சதவீத வட்டின்னு போட்டாலும் 6 கோடியே 30 லட்சம். இது கம்பெனிக்கு வட்டியில்லாம கிடைக்கிற காசு. பேங்க்ல கேட்டா கேரண்டி கேப்பான், வட்டி கேப்பான். நாம ரெண்டும் கேக்கல. பதிலுக்கு நமக்கு என்ன விலைங்கற ஒரு சின்ன உத்தரவாதம்கூட கிடைக்கல.

அட்வான்ஸ்னா என்னங்க? நான் இந்தப் பொருளை வாங்குறேன்னு கட்டுப்படறேன், நீ இந்த விலைக்குத் தர்றேன்னு கட்டுப்படு. அதுதானே? ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்டா அது ஒப்பந்தம் இல்ல, மொய் :-)

இதுல பெரிய அநியாயம் என்னன்னா, டெலிவரி தேதியை முடிவு பண்றது யார்? விக்கிறவர். அன்னைக்கு விலையை முடிவு பண்றது யார்? அதே விக்கிறவர். தாமதம் பண்ணினது அவர், தாமதத்தால வந்த விலையேற்றத்தைக் கட்டறது நாம. லேட்டா வந்த பையனை விட்டுட்டு சீக்கிரம் வந்தவனை பெஞ்சு மேல ஏத்தற வாத்தியார் மாதிரி இருக்கு.

"தம்பி, ஸ்டீல் விலை ஏறுது, கம்பெனி என்ன பண்ணும்? நஷ்டத்துக்கு விக்குமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஸ்டீல் விலை ஏறும், உக்ரைன் போர் ஆரம்பிச்ச 2022ல ஏறினது எல்லாருக்கும் தெரியும். ஆனா இறங்கவும் இறங்கும். அதே 2022 மே மாசம் மத்திய அரசு ஸ்டீல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டுது, அதுக்கப்புறம் உள்நாட்டு விலை இறங்கிச்சு. "ஸ்டீல் விலை குறைஞ்சிடுச்சு, புக் பண்ணினவங்களுக்கு இவ்வளவு குறைக்கிறோம்"னு ஷோரூம்ல இருந்து உங்க யாருக்காவது போன் வந்துச்சா? எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் வரல. ஏறும்போது சந்தை மேல பழி, இறங்கும்போது சந்தைன்னா என்னன்னே தெரியாது.

இன்னொரு வேடிக்கை. எங்க பக்கத்து ஓசூருக்கு வாங்க. சிப்காட்லயும் சிட்கோலயும் நட்டு, போல்ட்டு, பிராக்கெட் செய்யற சின்னச் சின்ன யூனிட் நிறைய இருக்கு. பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்றாங்க. அந்த ஓனர் "ஸ்டீல் ஏறிடுச்சு சார், டெலிவரி அன்னைக்கு என் விலை என்னவோ அதைத்தான் பில் போடுவேன்"னு சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த மாசம் ஆர்டர் வேற யூனிட்டுக்குப் போயிடும். பர்ச்சேஸ் ஆர்டர்ல என்ன விலை இருக்கோ அதுதான் விலை. மாத்தணும்னா உட்கார்ந்து பேசி, ஒத்துக்கிட்டு மாத்தணும். ஆக, தான் வாங்கும்போது எழுதின விலை, தான் விக்கும்போது எழுதாத விலை.

நிப்பட் கடையில கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்து அட்வான்ஸ் கொடுங்க. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எண்ணெய் விலை ஏறினா அந்த அண்ணன் முணுமுணுப்பார், ஆனா சொன்ன விலைக்குத்தான் தருவார். ஏன்னா நாளைக்கும் அதே தெருவுல கடை திறக்கணும். அவருக்கு இருக்கிற நாணயம் ஆயிரம் கோடி டர்ன்ஓவர் இருக்கறவங்களுக்கு வேண்டாமா?

சரி, சட்டம் என்ன சொல்லுது? 1930 சரக்கு விற்பனைச் சட்டம் நாங்க பாடமா படிக்கிறது. அதோட 9ஆம் பிரிவுப்படி விலையை ஒப்பந்தத்துலயே எழுதலாம், இல்ல பின்னாடி எப்படி முடிவு பண்றதுன்னும் எழுதலாம். அதனால "டெலிவரி அன்னைக்கு விலை"ங்கறது அந்தச் சட்டப்படி தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா அதே சட்டத்துல 64-ஏ பிரிவைப் பாருங்க. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, ஒப்பந்தத்துக்கு அப்புறம் வரி ஏறினா விக்கிறவர் அதைக் கூட்டி வாங்கலாம், வரி குறைஞ்சா வாங்குறவர் அதைக் கழிச்சுக் கொடுக்கலாம். ரெண்டு பக்கமும் ஓடற கத்தி. 2025 செப்டம்பர் 22 அன்னைக்கு 350 சிசி வரைக்குமான பைக்குக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு. முன்னாடியே புக் பண்ணி, பின்னாடி வண்டி எடுத்தவங்களுக்கு விலை குறைஞ்சுது. "பார்த்தியா, டெலிவரி விலைன்னா உங்களுக்கும் லாபம்தானே"ன்னு சில பேர் கிளம்பிட்டாங்க. அது வரிங்க, கம்பெனியோட பெருந்தன்மை இல்ல. வரிக்கு இருக்கிற அந்த ரெண்டு பக்க நியாயம் அடிப்படை விலைக்கும் வேணும்னுதான் கேக்குறேன்.

இப்போ என்னை உண்மையிலேயே கடுப்பாக்கின விஷயத்துக்கு வர்றேன். மத்திய அரசு தனக்குப் பொருள் வாங்குறதுக்கு ஒரு விதிப் புத்தகம் வச்சிருக்கு. பொது நிதி விதிகள் 2017. அதுல 225ஆம் விதி என்ன சொல்லுது தெரியுமா? டெலிவரிக்கு 18 மாசத்துக்கு மேல ஆகும்னா மட்டும்தான் விலை மாற்றத்துக்கு இடம் கொடுக்கலாம். அதுக்குள்ளன்னா விலை நிலையா இருக்கணும். மாத்தறதா இருந்தாலும் ஃபார்முலா எழுதணும், உச்சவரம்பு வைக்கணும். சப்ளையரோட தப்பால டெலிவரி தள்ளிப் போனா, அந்தத் தேதிக்கு அப்புறம் வர்ற ஏற்றம் கிடையாது. முத்தாய்ப்பா, அட்வான்ஸ் கொடுத்துட்டா அந்தப் பங்குக்கு, கொடுத்த தேதிக்கு அப்புறம் விலை ஏத்தவே கூடாது.

அடேங்கப்பா! நான் கேக்குற அத்தனையும் இதுலயே இருக்கு. அப்போ எது நியாயம்னு அரசாங்கத்துக்கு நல்லாவே தெரியுது. தான் வாங்கும்போது எழுதி வச்சுக்குது. குடிமகன் வாங்கும்போது, "நீயே பார்த்துக்கோப்பா"ன்னு விட்டுடுது. ராமேஸ்வரத்து மீனவருக்கு மானியம் கொடுக்கும்போதாவது, யார்டோட போடற ஒப்பந்தத்துல இந்த நாலு வரியும் கட்டாயம்னு எழுத எவ்வளவு செலவாகும்? ஒரு ஏ-4 தாள்.

வீட்டு விஷயத்துல கொஞ்சம் விடிஞ்சிருக்கு. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துல 13ஆம் பிரிவுப்படி, பதிவு செஞ்ச விற்பனை ஒப்பந்தம் இல்லாம பில்டர் 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது. 2019ல பயனியர் அர்பன் வழக்குல, வாங்குறவர் தாமதிச்சா 18 சதவீத வட்டி, பில்டர் பணத்தைத் திருப்பித் தர தாமதிச்சா 9 சதவீத வட்டின்னு இருந்த ஒப்பந்தத்தைப் பார்த்துட்டு, இப்படி ஒருதலைப்பட்சமா எழுதறது நேர்மையற்ற வணிக முறைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஃபிளாட்டுக்கு ஒரு நியாயம், படகுக்கும் பைக்குக்கும் ஒரு நியாயமா?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல "நியாயமற்ற ஒப்பந்தம்"னு ஒரு புது வகையே சேர்த்திருக்காங்க. கைதட்டலாம்னு கையைத் தூக்கினா அங்கயும் ஒரு செக். நியாயமற்ற ஒப்பந்தம்னு புகார் கொடுக்கணும்னா மாவட்ட ஆணையத்துல முடியாது, மாநில ஆணையத்துக்குப் போகணும். பத்தாயிரம் ரூபாய் ஏத்திட்டாங்கன்னு கிருஷ்ணகிரிக்காரர் சென்னைக்கு வாய்தாவுக்கு அலைவாரா? அலைய மாட்டார்னு அந்தப் பொடி எழுத்தை எழுதினவருக்கு நல்லாத் தெரியும். முதல் வேலையா இந்த அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கணும்.

சட்டம் மாறும் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை எழுத்துல கேளுங்க. ஒண்ணு, இன்ன தேதிக்குள்ள டெலிவரி, அதுவரைக்கும் இந்த விலை. ரெண்டு, அவங்க தாமதம்னா ஏற்றம் அவங்க கணக்கு. மூணு, விலை ஏறி நான் வேண்டாம்னா முழுப் பணமும் வட்டியோட வாபஸ். நூத்துக்குத் தொண்ணூறு பேர் "சார், அப்படியெல்லாம் எழுத மாட்டோம்"னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். ஒருத்தர் கேட்டா "கிறுக்கன்"ம்பாங்க. ஊர்ல ஐம்பது பேர் கேட்டா மேனேஜர் மேலிடத்துக்கு மெயில் போடுவார். பணத்தை எண்ணி வைக்கிற அந்த நிமிஷம் வரைக்கும்தான் நம்ம பக்கம் பலம் இருக்கு. எண்ணி வச்சுட்டு, அப்புறமா பொடி எழுத்தைப் படிச்சு என்ன புண்ணியம்?