ஓனர் மாறிய கடை

நண்பர்கள் கூடினால் இப்போது ஒரு ஏக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. "டாஸ்மாக் வர்றதுக்கு முன்னாடி எங்க ஏரியால ஒரு ஒயின் ஷாப் இருந்துச்சு மச்சான். குடும்பமா நடத்துனாங்க. வர்றவங்கள மனுஷனா மதிப்பாங்க." சொல்கிறவனுக்கு என் வயதுதான். 2003-ல் ஏழாவதோ எட்டாவதோ படித்தவன். உன்னை யார்டா அங்கே மதித்தார்கள் என்று கேட்டால், அவன் பெரியப்பா சொன்னதாம்.

நான் அப்படியொரு கடைக்கு நேரிலேயே போயிருக்கிறேன். அப்பாவைக் கூட்டி வர.

கல்லாவில் முதலாளி, சரக்கு எடுத்துக் கொடுக்க அவர் தம்பி, சாயங்காலமானால் லட்சுமி படத்துக்கு ஊதுபத்தி. (ஒயின் மட்டும் பார்த்த நினைவில்லை.) என்னைக் கண்டதும் முதலாளி ஒரு கடலை மிட்டாயை நீட்டுவார். "அண்ணே, பையன் வந்துட்டான். போதும், கெளம்புங்க" என்பார். அம்மா சொன்னால் கேட்காத அப்பா, அவர் சொன்னால் கேட்பார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். இன்றைக்கும் மறுக்க முடியவில்லை.

ஆனால் கல்லாவுக்குக் கீழே ஒரு நீள நோட்டு இருந்தது. அப்பாவின் சம்பளம் அந்த நோட்டுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும். ஒருமுறை அது பத்தாமல் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. போதும் என்று சொன்னவர்தான் மறுநாள் கடனும் கொடுத்தார்.

1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. எங்கள் தெருமுனைக் கடைக்கும் ஓனர் மாறினார்: அரசாங்கம். கம்பி வலை, கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மிட்டாய் கிடையாது. பெயரிலேயே மதுவிலக்கு இருக்கும் துறையின் கீழ் மது விற்கிறார்கள். இதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்காகப் பழைய முதலாளியைச் சாமியாக்காதீர்கள். அந்த அன்பும் வியாபாரம்தான். வாடிக்கையாளர் நாளைக்கும் நடந்து வர வேண்டுமே!

போன தீபாவளிக்கு அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கவர்மெண்ட் கடையில கடன் கெடையாது. அதுக்கப்புறந்தான்டா உனக்கு டியூஷன் ஃபீஸே கட்ட முடிஞ்சுது" என்றார்.

"ஆனா அவரு எனக்கு மிட்டாய் குடுப்பாரும்மா."

"கடை கைமாறுறப்போ பாக்கியத் தீர்க்க நான்தான் போனேன். அந்த மிட்டாயையும் உங்கப்பா கணக்குலதான் எழுதியிருந்தாங்க."